உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று தமிழில் எழுதி வைக்கும் பெரம்பூர் மளிகைக் கடை

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கும் அண்ணாச்சி கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அந்தப் பக்கம் போய் 'அட்டை எழுதி வைத்திருக்கிற கடை' என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மளிகைக் கடைதான். வாசலில் அரிசி மூட்டை, கல்லாவுக்கு மேலே சரம் சரமாக ஷாம்பு, உள்ளே இரண்டு வரிசை அலமாரி. நாமே உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். பிஸ்கட், நூடுல்ஸ், ஜூஸ், சாஸ், அப்பளம் அடுக்கியிருக்கும் தட்டுகளின் விளிம்பில் மஞ்சள் அட்டைகள் ஒட்டியிருக்கும். கறுப்பு மார்க்கரில், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில், இரண்டே விஷயம்: 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு. தமிழில்.

அண்ணாச்சியின் மனைவிக்கு பிரஷர் வந்து, உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பித்த வேலை இது. கல்லூரியில் படிக்கும் மகள் பாக்கெட்டின் முதுகைப் பார்த்துப் படிக்க, அப்பா எழுதினாராம். முதலில் வீட்டுக்கு வாங்கும் சாமான்களுக்கு மட்டும். அப்புறம் கடை முழுக்க.

இது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது உப்பைக் குறையுங்கள் என்பதைத்தான். உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் தண்ணீர் உள்ளே போகும், சிறுநீர் பிரியாத உடம்பில் அது அப்படியே தங்கும். அடுத்த முறை எடை பார்க்கும்போது மூன்று கிலோ, நான்கு கிலோ ஏறியிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே "சோத்துல உப்பே போடுறதில்ல சிஸ்டர்" என்பார்கள். பொய் சொல்வதில்லை. சோற்றில் போடுவதில்லைதான். காலையில் பன், பதினொரு மணிக்கு உப்பு பிஸ்கட், மதியம் ஒரு அப்பளம், சாயங்காலம் பேரப்பிள்ளை தட்டிலிருந்து கொஞ்சம் நூடுல்ஸ். அத்தனை உப்பும் அங்கேயிருந்துதான் வருகிறது.

பாக்கெட்டில் எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். எழுதியிருக்கிறது. 100 கிராமில் எவ்வளவு, ஒரு முறை சாப்பிடும் அளவில் எவ்வளவு, அது ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றெல்லாம் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, உப்பில் இருக்கும் சோடியம் 2000 மில்லிகிராம் என்ற கணக்கில் அந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அதே விதிப்படி இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழிலும் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. எங்கள் பிரிவுக்கு வரும் பலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். அவர்கள் கையில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் சோடியம், அதுவும் மில்லிகிராமில். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு எவ்வளவு என்று வரும் என்பதைப் படித்தவர்களே அறிந்திருப்பதில்லை. அண்ணாச்சி கடை அட்டையில் அந்தப் பெருக்கலை மகள் போட்டுவிடுகிறாள். அப்பளத் தட்டில் '100 கிராமில் உப்பு 5 கிராம்' என்று இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சொல்லியிருக்கும் மொத்த உப்பே 5 கிராம்தான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான்கு பேர் இருக்கிற வீட்டில் மாதத்துக்கு உப்பு 600 கிராம் போதும். அதற்குப் பதில் ஒரு கிலோ பாக்கெட் மாதா மாதம் காலியானால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது, பாக்கெட் பண்டங்களில் இருப்பது தனி. இதைப் படித்துவிட்டு உப்பு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

பிஸ்கட் அலமாரியில் ஒரு கேழ்வரகு பிஸ்கட் இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். பாக்கெட்டின் முன்னால் கதிர், களிமண் சட்டி, பாட்டி கை எல்லாம் படமாக இருக்கும். திருப்பிப் பார்த்தால் முதல் பொருள் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில். கேழ்வரகு மாவு அதற்கும் பின்னால், 6 சதவீதம். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி வரிசையாக எழுத வேண்டும், பெயரில் பெருமையாகச் சொல்லும் பொருள் எத்தனை சதவீதம் என்றும் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த உண்மை வெளியே வருகிறது. அட்டையில் அண்ணாச்சி எழுதியிருப்பது: 'சர்க்கரை 27 கிராம், கேழ்வரகு 6 கிராம்.' வேறு எதுவும் எழுதவில்லை. பிள்ளைக்குச் சத்தானது என்று கை நீட்டிய ஒரு அம்மா இதைப் படித்ததும் பக்கத்திலிருந்த சாதாரண மேரி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார். அதுவும் மைதாதான், ஆனால் சர்க்கரையும் விலையும் குறைவு.

100 கிராமுக்கு என்று எழுதுவதுதான் இந்த அட்டைகளின் பெரிய பலம். 'ஒரு முறைக்கு' என்று கம்பெனி போடும் அளவு இரண்டு பிஸ்கட்டாக இருக்கும், மிக்சரென்றால் ஒரு கைப்பிடி கூட வராது. சதவீதம் சின்னதாகத் தெரியும். நம் வீட்டில் யார் இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்துகிறார்கள்? எல்லாவற்றையும் ஒரே அளவில் வைத்தால்தான் எது கூட, எது குறைவு என்று தெரியும்.

ஜூஸ் பக்கம் இன்னும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். கிராமோடு சேர்த்து ஸ்பூன் கணக்கும் உண்டு. 200 மில்லி டப்பா ஒன்றின் கீழே 'சர்க்கரை 5 ஸ்பூன்' என்று இருக்கிறது. 'நூறு சதவீதம் பழச்சாறு' என்று போடுவதை நீக்கச் சொல்லி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஜூனில் உத்தரவு போட்டது, கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கிற டப்பாக்களில் அந்த வாசகம் ஏமாற்று என்பதால். என்னைக் கேட்டால், அந்த ஸ்பூன் கணக்கு எல்லா டப்பாவிலும் வந்தால் இன்னும் நல்லது.

இப்படி எழுதி வைப்பதால் வாங்குவது மாறுகிறதா? அண்ணாச்சியிடமே கேட்டேன். "ஒரே மாதிரி ரெண்டு சாமான் இருந்தா அட்டையப் பாத்து மாத்திக்கிடுதாங்க சிஸ்டர். சாஸ், ஓட்ஸ், பிஸ்கட்டெல்லாம் அப்படித்தான். தீபாவளிக்கு மிக்சர் வாங்க வாறவங்க எதையும் பாக்க மாட்டாங்க" என்றார். இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும் என்று நினைக்கிறேன், இதுவே கொஞ்சமில்லை. சிலி நாட்டில் 2016-இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அதிகமான பண்டங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கினார்கள். கூடவே குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் பள்ளியில் விற்பதையும் தடுத்தார்கள். அதன் பிறகு முத்திரை விழும் இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வந்த ஆய்வு சொன்னது. முகப்பில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது என்பதுதான் விஷயம்.

நம் நாட்டில் 2022-இல் பாக்கெட்டின் முகப்பில் மதிப்பெண்ணுக்கு ஏற்ப நட்சத்திரம் போடும் முறைக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வரைவு வெளியிட்டது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சர்க்கரைக்காகக் குறையும் மதிப்பெண்ணை நார்ச்சத்தும் பருப்பும் சேர்த்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றால், உப்பு அதிகம் என்பது என் நோயாளிக்கு எப்படித் தெரியும்? சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரையும் பிரஷரும்தான் எங்கள் பிரிவுக்கு ஆள் அனுப்பும் இரண்டு பெரிய காரணங்கள். அவர்களுக்கு நட்சத்திரம் வேண்டாம். 'உப்பு அதிகம்' என்று தமிழில் இருந்தால் போதும்.

கடையில் குறைகளும் இருக்கின்றன. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் ஒன்றின் கீழே 'சர்க்கரை 0' என்று இருக்கிறது. சேர்மானத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி இருக்கிறது, அது சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். மைதாவும் இருக்கிறது. அந்த 0-வைப் பார்த்து ஒரு பெரியவர் ஆறு பாக்கெட் வாங்கிப் போனதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மொத்த மாவுச்சத்தையும் எழுதினால் இந்தக் குழப்பம் வராது. கம்பெனி சேர்மானத்தை மாற்றினால் அட்டை பழசாகிவிடும் என்பது இன்னொன்று. அட்டையின் மூலையில் எழுதிய தேதியைப் போடலாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பதறியது சோடியம் குறைந்த உப்பு. 'உப்பு குறைவு, பிரஷருக்கு நல்லது' என்று எழுதி வைத்திருந்தார்கள். சோடியத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துத் தயாரிப்பது அது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குச் சரி. கெட்டுப்போனவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்போ எடுத்துறட்டுமா சிஸ்டர்?"

"எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. பிரஷர் மட்டும் இருக்கிறவங்களுக்கு நல்லதுதான். கிட்னி கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்காம வாங்கக் கூடாதுன்னு எழுதிடுங்க."

அடுத்த முறை போனபோது அந்த அட்டையை மாற்றியிருந்தார்கள். சிவப்பு மார்க்கரில், நான் சொன்னதைவிடப் பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு. கல்லாவில் இருக்கும் பையனிடமும் சொல்லி வைத்திருக்கிறார், அந்த உப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அவன் கேட்கிறான்.

மற்றபடி விலை எம்.ஆர்.பி.தான், தள்ளுபடி எதிர்பார்க்க வேண்டாம். பொன்னி அரிசியும் பருப்பும் தரமாக இருக்கும். ஜிபே உண்டு. மாலை 7 மணிக்கு மேல் கூட்டம், அட்டையை நின்று படிக்க முடியாது, காலையில் போங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது.

ஊறுகாய் அலமாரிக்கும் சில்லறையாகக் கட்டித் தரும் முறுக்கு, மிக்சருக்கும் இன்னும் அட்டை வரவில்லை. ஊறுகாயில் உப்பு 100 கிராமுக்கு 10 கிராமைத் தாண்டும், அதை எழுதினால் யார் வாங்குவார்கள் என்று அண்ணாச்சி தயங்குகிறார். தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்று எழுதுங்கள், வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறேன். மகள் பரீட்சை முடிந்து வந்ததும் செய்வதாகச் சொன்னார்.