டி.எஃப்.1 பகல் செய்தி: பெர்னோ போட்ட பாதையில் இன்னும் ஓடுகிறது

பிரான்ஸில் டி.எஃப்.1 சேனலின் பகல் 1 மணிச் செய்தியைப் பற்றிப் பேசினால் ழான்-பியர் பெர்னோவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1988 பிப்ரவரியில் இவ் மூரூசியிடமிருந்து செய்தி வாசிக்கும் பொறுப்பை ஏற்றவர், 2020 டிசம்பர் 18 வரை அந்த இடத்தை விடவில்லை. பாரிஸ் அரசியலைப் பின்னுக்குத் தள்ளி, மாகாணங்களில் இருக்கும் நிருபர்களை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஊர்ச்சந்தை, முதல் பனி, மூடப்போகும் பள்ளிக்கூடம், சீஸ் செய்கிறவர் என்று நிகழ்ச்சியின் முகமே மாறியது. பட்டிக்காட்டுச் செய்தி என்று பாரிஸ்காரர்கள் நக்கலடித்தார்கள். ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெர்னோ 2022 மார்ச்சில் காலமானார்.

2021 ஜனவரியிலிருந்து வார நாட்களில் மரி-சோஃபி லக்காரோ. அரசு சேனலான பிரான்ஸ் 3இன் வட்டாரச் செய்தியில் வளர்ந்து, பிரான்ஸ் 2இல் இதே பகல் செய்தியை வாசித்துவிட்டு வந்தவர். அதனால் ஆள் மாறியதே தவிர அச்சு மாறவில்லை. வாசிப்பு நிதானம், சொற்கள் தெளிவு. பிரெஞ்சு காதுக்குப் பழகவேண்டும் என்பவர்களுக்கு இவர் நல்ல தேர்வு.

சிக்கல் ஸ்டுடியோவுக்கு வெளியே. ஒரு செய்தித் தொகுப்பு ஒன்றரை, இரண்டு நிமிடம்தான். அதற்குள் மூன்று, நான்கு பேர் பேசிவிடுவார்கள். காய்கறிக் கடைக்காரர் கிலோ விலையைச் சொல்லும்போது பாதி எழுத்தை விழுங்கிவிடுவார். நேரலையில் வசன வரி சில விநாடி தாமதமாக வருவதால், விலை திரையில் தெரியும்போது கேமரா அடுத்த கடைக்குப் போயிருக்கும். நேரலையோடு மல்லுக்கட்ட வேண்டாம். டி.எஃப்.1 இன்ஃபோ தளத்தில் தொகுப்புகளைத் தனித்தனியாக வெட்டிப் போடுகிறார்கள், பலவற்றின் கீழ் சுருக்கமான எழுத்து வடிவமும் உண்டு. முதலில் அதைப் படியுங்கள், பிறகு வீடியோ, பிறகு ஒலி மட்டும். கடைசிப் பகுதியில் வரும் நீளமான ஊர்த் தொகுப்புகளில் பேச்சு மெதுவாக இருக்கும். ஆரம்பநிலைக்காரர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

முழு நிகழ்ச்சி வேண்டுமானால் டி.எஃப்.1+ செயலி. காசு இல்லை, மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறக்கவேண்டும், விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

உலகச் செய்திக்கு இதை நம்பினால் ஏமாற்றம்தான். வெளிநாட்டுப் பெரும் நெருக்கடிகூடச் சில நிமிடத்தில் முடிந்து, அடுத்தது பெட்ரோல் விலை. இலங்கை, இந்தியா எல்லாம் பேரழிவு நடந்தால்தான். அதற்கு மாலை 7:45க்கு வரும் ஆர்ட்டே சேனல் செய்தி எவ்வளவோ மேல். பிரான்ஸுக்கு வெளியே இருப்பவர்களுக்கு டி.வி.5 மோந்த் சேனலில் கிடைப்பது பிரான்ஸ் 2இன் இரவு 8 மணிச் செய்தி. அதில் அரசியல் அதிகம், வேகமும் அதிகம்.