எம்2-வில் ஐந்து வருடம் மாட்டியிருந்த மேக்னிஃபையர்

பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து. இரவு பத்து மணி இருக்கும். ஒப்பனைக் கொட்டகையில் அர்ச்சுனன் வேடக்காரர் கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு மை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு மீட்டர் தள்ளி நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் லைக்கா எம்2 என்ற ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், வெளிச்சம் நுழையும் துளை எஃப்/2 அளவுக்குப் பெரிதாகத் திறந்திருந்தது. ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோது காதுக் குண்டலத்தின் வேலைப்பாடு துல்லியமாக இருந்தது. கண்கள் கரைந்து போயிருந்தன. அந்த ரோலில் முப்பத்தாறுக்குப் பதினொரு படம் அப்படி.

அந்தத் தூரத்தில் அந்தத் துளைக்குக் கூர்மையாக விழும் ஆழம் நாலரை செ.மீ. அளவுதான். ஒரு முகத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் இடம் அதைவிட அதிகம். அந்த வாரமே, வ்யூஃபைண்டரில், அதாவது கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில், தெரிவதைப் பெரிதாக்கும் 1.25 மடங்கு மேக்னிஃபையர் ஒன்றைப் பழைய பொருளாகத் தேடி வாங்கினேன். அடுத்த வருடம் 1.4 மடங்கும் சேர்ந்தது. ஐந்து வருடம் ஓடிவிட்டது.

பொருள் சின்னதுதான். வ்யூஃபைண்டரின் கண் வைக்கும் பக்கத்தில் உள்ள மரையில் திருகிவிட வேண்டும், அவ்வளவே. செய்யும் வேலை புரிய ஒரு சிறு கணக்கு போதும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இரண்டு ஜன்னல் வழியாக வரும் பிம்பங்களை வ்யூஃபைண்டரின் நடுவில் தெரியும் சிறு கட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்கிறோம். அந்த ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தை வ்யூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் ஃபோகஸின் நிஜமான நுட்பம். எம்2-வில் தூரம் சுமார் 69 மி.மீ., உருப்பெருக்கம் 0.72. பெருக்கினால் 50 மி.மீ. அளவு. 1.25 மாட்டினால் அது 62 ஆகிறது, 1.4 மாட்டினால் 70. 1954-ல் வந்த லைக்கா எம்3-யின் உருப்பெருக்கம் 0.91, அதன் கணக்கும் ஏறத்தாழ 62-தான். எம்3 வேண்டும் என்று நான் பல வருடம் ஏங்கியிருக்கிறேன். 1.25 மாட்டிய பிறகு அந்த ஏக்கம் விட்டுப்போனது.

கிருஷ்ணகிரியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பெஸ்ஸா ஆர் என்ற வேறொரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருக்கிறது. அதில் ஜன்னல் தூரம் 37 மி.மீ., உருப்பெருக்கம் 0.7. பெருக்கினால் 26-தான் வரும். அதில் 90 மி.மீ. லென்ஸைத் திறந்த துளையில் வைத்து அவர் ஏன் அவ்வளவு திண்டாடினார் என்பது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

கூத்து மேடைக்கு வருகிறேன். இந்தப் பொருள் தன் அருமையைக் காட்டியது அங்கேதான். வேடக்காரரின் மார்புக் கட்டிலும் தோள் கட்டையிலும் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருப்பார்கள். மேக்னிஃபையர் இல்லாமல் பார்த்தால் நடுக்கட்டத்துக்குள் வெறும் மினுமினுப்புதான் தெரியும், எந்தச் சில்லு எதனோடு பொருந்துகிறது என்று சொல்ல முடியாது. மாட்டிய பிறகு ஒரே ஒரு சில்லைத் தேர்ந்தெடுத்து அதன் ஓரத்தைப் பிடிக்க முடிகிறது. லென்ஸை விரலால் நகர்த்த நகர்த்த இரண்டு வெள்ளைக் கோடுகள் நெருங்கி, தொட்டு, ஒன்றாகும். அந்த நொடியில் விரல் தானாக நின்றுவிடும். பிறகு ஆள் ஆடிக்கொண்டே முன்னே வரும்போது உடம்பை ஒரு விரற்கடை முன்பின் சாய்த்தால் போதும். முப்பத்தாறில் பதினொன்று கெட்ட இடத்தில் இப்போது மூன்று நான்குதான் கெடுகின்றன, அதுவும் பெரும்பாலும் ஆட்டத்தின் வேகத்தால்.

90 மி.மீ. போட்டால் 1.4-தான். எம்2-வின் வ்யூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் சட்டம் 90-க்கு மிகச் சிறியது, 1.4 அதைக் கண் நிறையக் காட்டுகிறது. ஒகேனக்கலில் கரையில் நின்றுகொண்டு பரிசல் ஓட்டுபவரின் முகத்தை எடுக்கிறேன். பரிசல் சுற்றிக்கொண்டே இருக்கும், முகம் இந்தப் பக்கம் திரும்புவது இரண்டு நொடிதான். துடுப்பின் விளிம்பில் கோட்டைப் பொருத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

35 மி.மீ. லென்ஸுக்கு இரண்டுமே வேண்டாம். சட்டத்தின் ஓரக்கோடுகள் பார்வைக்கு வெளியே போய்விடும். சந்தையில், மாம்பழ மண்டியில், கூட்டத்துக்குள் நிற்கும்போது கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு 50-லேயே ஓரக்கோடு தெரிவது சிரமம்தான். நான் கண்ணை இடமும் வலமும் உருட்டிப் பார்த்து எடுக்கப் பழகிவிட்டேன்.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு 48 வயதில் வெள்ளெழுத்து வந்தது. மேக்னிஃபையர் அதற்கும் மருந்தாகும் என்று நினைத்தே முதலில் வாங்கினேன். அது தப்பு. மங்கலாகத் தெரிவதை அது பெரிய மங்கலாகக் காட்டும். லைக்கா எம் வ்யூஃபைண்டர் -0.5 டயாப்டரில் அமைந்தது. அதாவது பிம்பம் நம் கண்ணுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதுபோல் வரும். ஆகவே படிக்கும் கண்ணாடியோடு பார்க்கக் கூடாது, தூரப்பார்வைக்கான கண்ணாடிதான் சரி. அதற்குப் பிறகும் நடுக்கட்டம் கலங்கலாக இருந்தால் முதலில் கண் டாக்டரிடம் போங்கள், அப்புறம் மேக்னிஃபையர் வாங்கலாம்.

வெளிச்சத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. வந்த மேடையில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஒப்பனைக் கொட்டகையின் ஒற்றை பல்பில் 1.4 மாட்டினால் கட்டம் சோகையாகிவிடுகிறது. கண்ணையும் மிகச் சரியாக நடுவில் வைக்க வேண்டும், சற்று விலகினால் கட்டம் வெளுத்துப்போகும். இமை முடியின் எண்ணெய் கண்ணாடியில் படியும். மாசியில் பனி இறங்கும் இரவுகளில் மூச்சு பட்டும் மூடிக்கொள்ளும். பையில் பழைய பருத்தித் துண்டு ஒன்று எப்போதும் இருக்கிறது.

இரண்டாம் வருடம் ஒரு கோளாறு வந்தது. 50 மி.மீ. படங்கள் எல்லாம் சீராகப் பின்னால் தள்ளி விழுந்தன. பைக்கில் பென்னாகரம் மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி ரேஞ்ச்ஃபைண்டர் நகர்ந்திருந்தது. மேக்னிஃபையர் இதைச் சரிசெய்யாது. தவறான இடத்தில் இன்னும் துல்லியமாகப் பொருத்த உதவும், அவ்வளவே. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்க உதவியதும் அதுதான். மொட்டை மாடியிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செல்போன் டவரைப் பார்த்தேன். லென்ஸ் முடிவிலியில், அதாவது மிகத் தொலைவுக்கான கடைசி நிலையில், முட்டி நிற்கிறது, இரண்டு பிம்பமும் மயிரிழை விலகி நிற்கின்றன, ஒன்று மற்றதைவிடச் சற்று மேலே வேறு. வெறுங்கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. சென்னையில் ஒரு மெக்கானிக் திருகிக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு கூத்துப் பருவத்துக்கும் முன்னால் அந்த டவரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இன்னொரு குறை, மரை தளர்வது. சட்டையில் உரசி உரசித் தானாகக் கழன்றுவிடும். நான் வாங்கியதில் சங்கிலியும் இல்லை. ஒருநாள் திரௌபதி துகிலுரிதல் நடந்துகொண்டிருந்தபோது கண் வைத்தால் உலகம் திடீரெனச் சிறுத்திருந்தது. கூத்துக் களத்து வைக்கோலில் எங்கோ விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் நான்கைந்து பேர் செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு தேட ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் கழித்து ஒருவன் ஓடிவந்தான். "சார், பாட்டில் மூடியாட்டம் கிடக்குது, இதுதானுங்களா?"

மறுநாளே மீன் வலை நூலால் அதைக் கேமரா வார் வளையத்தோடு கட்டினேன். இன்றுவரை அதே நூல்தான்.