பஹாய் நாள்காட்டியா? முதலில் மார்ச் பக்கத்தைப் பாருங்கள்

சுவர் நாள்காட்டி, கைபேசிச் செயலி, இணையத்திலிருந்து இறக்கி அச்செடுக்கும் தாள் என்று பஹாய் சமயத்தாரின் நாள்காட்டிகள் இப்போது பல வடிவில் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் அட்டைப் படத்தில் மயங்காமல் நேராக பஹாய் புத்தாண்டான நவ்ரூஸுக்குப் போங்கள். அந்த ஒரு நாள் பிசகினால், பின்னால் வரும் மாதப் பிறப்புகள், மாதந்தோறும் முதல் நாளில் கூடும் பத்தொன்பதாம் நாள் விருந்துகள், ரித்வான் பெருவிழா எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும்.

பிசகுவதற்குக் காரணம் உண்டு. 2015க்கு முன்பு ஈரானுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் வெளியே பெரும்பாலான இடங்களில் மார்ச் 21 என்று நிலையாக வைத்துக் கொண்டாடினார்கள். 2014 ஜூலையில் பஹாய் சமயத்தின் தலைமை நிர்வாக அமைப்பான உலக நீதி மன்றம் ஒரே விதியை எல்லோருக்கும் பொதுவாக்கியது: தெஹ்ரானில் வசந்தகால சம இரவு (பகலும் இரவும் சமமாகும் கணம்) எந்த பஹாய் நாளுக்குள் விழுகிறதோ அதுவே நவ்ரூஸ். பஹாய் நாள் சூரியன் மறையும்போது தொடங்கி அடுத்த மறைவில் முடிகிறது. மறைவதற்கு ஒரு நிமிடம் முன்பு சம இரவு வந்தாலும் அந்த நாளே புத்தாண்டு என்பது பஹாய் சட்டநூலான கித்தாப்-இ-அக்டாஸின் கேள்வி-பதில் இணைப்பில் உள்ள விதி. ஆகவே ஆண்டைப் பொறுத்து மார்ச் 20 அல்லது 21.

இந்த விதியைச் சோதிக்க 2026ஐ விடச் சரியான ஆண்டு கிடையாது. அந்த மார்ச் 20 அன்று தெஹ்ரானில் சூரிய மறைவும் சம இரவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகின்றன. அதிகாரபூர்வ நவ்ரூஸ் மார்ச் 21. அதாவது 20ஆம் தேதி மாலையிலேயே பஹாய் 183ஆம் ஆண்டு பிறந்துவிடுகிறது. தோராயக் கணக்கில் ஓடும் செயலிகள் வழுக்குவது இங்கேதான். 2026இல் சரியாகக் காட்டியது என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம். மார்ச் 21ஐ நிலையாகப் பதித்த பழைய செயலியும் அந்த ஆண்டில் தேறிவிடும். 2025ஐயும் 2028ஐயும் திறந்து பாருங்கள். இரண்டிலும் மார்ச் 20 வர வேண்டும். அடுத்து 2026இன் அய்யாம்-இ-ஹா, அதாவது எந்த மாதத்திலும் சேராத ஹா நாட்கள்: பிப்ரவரி 25 முதல் மார்ச் 1 வரை 5 நாட்கள். 4 என்று இருந்தால் கணக்கு தப்பு. கடைசியாக, சமயத்தின் முன்னோடியான பாப், நிறுவனரான பஹாவுல்லா இருவரின் பிறந்தநாட்கள். நவ்ரூஸுக்குப் பிறகு வரும் எட்டாவது அமாவாசையை அடுத்த இரண்டு நாட்கள் அவை. 2026இல் நவம்பர் 10, 11. இன்னமும் அக்டோபர் 20, நவம்பர் 12 என்று போட்டிருந்தால் அது பழைய அச்சு. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அச்சு நாள்காட்டியில் அடிக்கடி காணும் இன்னொரு தவறு, ஜனவரிப் பக்கத்திலேயே புது பஹாய் ஆண்டின் எண்ணைப் போட்டுவிடுவது. 2026 ஜனவரியில் ஓடுவது 182. எண் மாறுவது மார்ச்சில்தான்.

தேதி சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. இந்த நாட்காட்டியின் அமைப்பிலேயே ஒரு பொருள் இருக்கிறது. தலா 19 நாட்கள் கொண்ட 19 மாதங்கள், மொத்தம் 361. மிச்ச நாட்கள்தான் அய்யாம்-இ-ஹா. விருந்தோம்பலும் ஈகையுமாக அந்த நாட்கள் கழிந்ததும் அலா மாதம், சூரிய உதயம் முதல் மறைவு வரை 19 நாள் நோன்பு. அந்த நோன்பு முடியும் மாலையிலேயே பஹா மாதத்தின் முதல் நாள், நவ்ரூஸ், பிறக்கிறது. கொடுத்து, பிறகு தன்னை அடக்கி, அதன் பிறகே புதுமைக்குள் நுழைவது என்ற இந்த வரிசைதான் நவ்ரூஸின் ஆன்மிக உள்ளடக்கம். இறைத்தூதர் ஒவ்வொருவரின் வருகையையும் மனித ஆன்மாவுக்கு வரும் வசந்தமாகவே பஹாய் எழுத்துகள் பேசுகின்றன. வெளியே துளிர்ப்பது அதன் அடையாளம். தென் அரைக்கோளத்தில் அதே நாள் இலையுதிர்காலத்தில் வருகிறது, அங்கும் அதே நவ்ரூஸ்தான்.

இந்த அளவுகோலில் 12 பக்க நாள்காட்டி சுமார். வேலைக்கும் பள்ளிக்கும் பார்க்க வசதி, ஆனால் மாதப் பிறப்புகள் கட்டங்களுக்கு நடுவே காணாமல் போகின்றன. 19 பக்கமும் ஹா நாட்களுக்குத் தனிப் பக்கமும் கொண்ட வடிவமே மேல். பஹா, ஜலால், ஜமால் என்று இறைப்பண்புகளின் பெயர் தாங்கிய மாதங்களைப் பொருளோடு அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு கட்டத்தின் அடிப்பகுதியிலும் மறுநாளின் நிறத்தில் ஒரு பட்டை தீட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாள் மாலையில் பிறக்கிறது என்பதை அந்தப் பட்டை சொல்லிவிடும்; அது இல்லாத நாள்காட்டியைப் பார்த்துத்தான் விருந்தை ஒரு மாலை தாமதமாக வைக்கிறார்கள். நவ்ரூஸ் பக்கத்தில் ஏழு பொருள் அடுக்கிய ஹஃப்த்-சீன் மேசைப் படம் இருந்தால் அழகுதான், ஆனால் அது ஈரானியப் பண்பாடு. பஹாய் சடங்கு என்று அடியில் எழுதியிருந்தால் தயாரித்தவருக்கு விஷயம் தெரியவில்லை. இந்நாளுக்கென்று பஹாவுல்லா அருளிய பிரார்த்தனை உண்டு, வேலைக்கு விடுமுறை உண்டு. கட்டாயச் சடங்கு எதுவும் இல்லை.

செயலியின் பலம் உங்கள் ஊரின் சூரிய மறைவு நேரம். நோன்புக் காலத்தில் அதை எந்தச் சுவர் நாள்காட்டியும் தர முடியாது. இருப்பிட அனுமதியை மறுத்தால் பல செயலிகள் வேறெங்கோ உள்ள நகரத்தின் நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும், எனவே நோன்புக்கு முன்பே ஊரைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். புத்தாண்டு தேதி தெஹ்ரானைப் பொறுத்தது, நாளின் தொடக்கம் உங்கள் ஊரைப் பொறுத்தது. இந்த இரண்டையும் குழப்பி, தெஹ்ரான் மாலையில் எல்லோருக்கும் தேதியை மாற்றும் செயலியை உடனே நீக்கிவிடலாம். நள்ளிரவில் தேதி மாற்றுவதும் அதே ரகம்.

கைபேசியின் சொந்த நாட்காட்டியில் சந்தா முறையில் சேர்த்துக்கொள்வது சிரமமில்லாத வழி. குறை, முழுநாள் நிகழ்வாகப் பதிவதால் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரைதான் காட்டும். புனித நாள் ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் மாலை 5 மணிக்கு நினைவூட்டல் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

வீட்டுக்கு 19 பக்கச் சுவர் நாள்காட்டி, நோன்புக்குச் செயலி என்பது எங்கள் தேர்வு. 2027க்கு வாங்குவோர் சரிபார்க்க: ஹா நாட்கள் 4, பிப்ரவரி 26 முதல் மார்ச் 1 வரை, நோன்பு மார்ச் 2 முதல் 20 வரை, நவ்ரூஸ் மார்ச் 21.