தைராய்டு சிகிச்சையில் இருப்பவருக்குச் சாதாரண இரும்பு மாத்திரை எப்படி?

ஹைப்போதைராய்டுக்கு (தைராய்டு குறைவுக்கு) லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை எடுத்துவரும் எனக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது தெரிந்ததும் மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு மாத்திரை. சளியும் தொண்டைத் தொற்றும் அடிக்கடி வந்துபோகும் உடம்பு என்னுடையது. ஆகவே என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அட்டையில் 325 மில்லிகிராம் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. அதன் கீழே சிறிய எழுத்தில் தனிம இரும்பு, அதாவது அந்த உப்பில் உள்ள இரும்பு மட்டும், 65 மில்லிகிராம் என்று இருக்கிறது. உடம்புக்குக் கணக்கு இந்த இரண்டாவது எண்தான், அதைச் சொல்லாத தயாரிப்பை நான் வாங்குவதில்லை.

மாத்திரையின் பெரிய சிக்கல் நேரம். இரும்பு குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துக்கொண்டு, அது இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடுகிறது. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டையும் ஒன்றாக 12 வாரம் எடுத்த 14 நோயாளிகளின் சராசரி டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உயரும் இரத்த அளவு) 1.6இலிருந்து 5.4ஆக ஏறியது. அதனால் தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, குறைந்தது 4 மணி நேரம் கழித்தே இரும்பைத் தொடுகிறேன். அதற்காக இரும்பைத் தள்ளிப்போடவும் முடியாது. தைராய்டு ஹார்மோனை உண்டாக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதிக்கே இரும்பு தேவை. தைராய்டு குறைவால் மாதவிடாய் அதிகமாகும் பெண்களுக்கு இரும்பு இழப்பும் கூடுகிறது.

தொற்று வரும்போதுதான் இந்த மாத்திரை நம் பொறுமையைச் சோதிக்கிறது. காய்ச்சலும் அழற்சியும் இருக்கையில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரப்பதால், விழுங்கும் இரும்பில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. அதே நாட்களில் ஃபெரிட்டின் அளவு பொய்யாக உயர்ந்து, குறைபாடே இல்லாததுபோல் காட்டும். உலக சுகாதார நிறுவனம் நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் குறைவுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமை எல்லையாக வைத்துவிட்டு, தொற்று அல்லது அழற்சி உள்ளவர்களுக்கு 70 என்று வைத்திருப்பது இதனால்தான். தொண்டை வலியோடு பரிசோதனைக்குப் போனால், அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொற்றுக்கு டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் அவற்றோடும் இரும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதால், இரும்பு எடுப்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரும்பு போட்டால் சளியே பிடிக்காது என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அடிக்கடி வரும் தொற்றுக்குக் காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும்.

அதிலும் தைராய்டு மிகைக்காகக் கார்பிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், அதைச் சாதாரணச் சளி என்று விட்டுவிடக் கூடாது. அந்த மருந்து அரிதாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதை நிறுத்திவிட்டு அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, மலம் கறுப்பாகப் போவது எதிர்பார்த்ததே, பயமில்லை. தைராய்டு குறைவால் ஏற்கெனவே இருக்கும் மலச்சிக்கலை இது இன்னும் இறுக்குவதுதான் என் உண்மையான குறை. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் முறையில் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பில் சேரும் பங்கு கூடுகிறது, வயிறும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். குடலில் கரையும் பூச்சு கொண்ட வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டிய பிறகே அது கரையக்கூடும். எல்லாம் அடங்கிய மல்டிவைட்டமினும் வேண்டாம்: அதிலுள்ள கால்சியமும் லெவோதைராக்சினைத் தடுக்கும், பயோட்டின் அதிகமாக இருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவே பிறழும்.

ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்கு ஏறத்தாழ 3 மாதம் தொடர வேண்டியிருப்பதால், மாத்திரை வீட்டில் நீண்ட நாள் இருக்கும். பளபளப்பான சிவப்புப் பூச்சோடு பார்ப்பதற்கு மிட்டாய்போல் இருக்கும் இதைச் சிறு குழந்தைகள் சில எண்ணிக்கையில் விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து. எளிதில் திறக்க முடியாத மூடி கொண்ட புட்டியாகப் பார்த்து வாங்கி, உயரத்தில் பூட்டி வையுங்கள்.