கார்ல்டன் வீதி லொப்லோஸ்: 25ஆம் வரிசையில் ஒரு சிவப்புப் பொட்டு

சாமான் வாங்க மட்டும் என்றால் இந்தக் கடைக்கு நான் வரத் தேவையில்லை. ஸ்காபரோவில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் மூன்று இருக்கின்றன. முருங்கைக்காய், கீரை, மீன் எல்லாம் அங்கேதான். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் சப்வே எடுத்து கொலிஜ் ஸ்டேசனில் இறங்கி, கார்ல்டன் வீதியில் கிழக்கே நடந்து, சேர்ச் வீதி மூலையில் இருக்கும் லொப்லோஸுக்கு வருகிறேன். வயது 62. முழங்கால் நோகிறது. வருவதை விடவில்லை.

கட்டடத்தை வெளியில் நின்று பார்த்தாலே தெரியும், இது கடைக்காகக் கட்டியது இல்லை என்று. மஞ்சள் செங்கல், மேலே வளைந்த பெரிய கூரை. 1931 நவம்பரில் மேபிள் லீஃப் கார்டன்ஸ் என்று திறந்த ஐஸ் ஹொக்கி அரங்கு இது. ரொறன்ரோ மேபிள் லீஃப்ஸ் அணி 1999 பெப்ரவரி வரை இதற்குள்தான் ஆடியது. வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் பெரிய பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை அவர்கள் கடைசியாக வென்ற 1967ஆம் ஆண்டு ஆட்டமும் இங்கேதான். அணி புது அரங்குக்குப் போனபின் கட்டடம் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. 2011 நவம்பர் கடைசியில் கீழ்த்தளத்தில் லொப்லோஸ் வந்தது. மேலே பல்கலைக்கழகம் ஒன்று புது ஐஸ் தளம் போட்டிருக்கிறது.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாண் நல்லது. அந்த மணம் வாசலிலேயே இழுக்கும். சீஸ் அடுக்கிய உயரமான சுவர் ஒன்று இருக்கிறது. சீஸ் பிடிக்காத என் மனைவிகூட அதன் முன்னால் நின்று பார்த்தாள். இன்னொரு சுவரில் பழைய அரங்கின் நீலக் கதிரைகளைக் கொண்டே பெரிய மேபிள் இலை ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டாயம் நின்று பாருங்கள். எத்தனை சனிக்கிழமை இரவுகள் அந்தக் கதிரைகளில் ஆட்கள் இருந்து எழும்பியிருப்பார்கள்!

ஆனால் நான் வருவது 25ஆம் வரிசைக்கு. இரண்டு பக்கமும் சாமான் தட்டுகள், நடுவில் நிலத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அரங்கின் நட்டநடுப் புள்ளி அதுதான். ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டை, ‘பக்’கை, போட்டு ஆட்டத்தைத் தொடங்கிய இடம். அதைத் தெரியாமல் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, குனிந்து தொட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு.

அந்தப் பொட்டைப் பார்க்கும்போது எனக்கு நினைவு வருவது ஒரே ஆள்: லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர், 21ஆம் இலக்கம், பொர்யே சல்மிங்.

சல்மிங் 1951 ஏப்ரல் 17இல் சுவீடனின் வடகோடியில், கிரூனாப் பக்கம் பிறந்தவர். துருவ வட்டத்துக்கும் வடக்கே உள்ள இரும்புச் சுரங்க ஊர் அது. தகப்பன் ‘சாமி’ என்ற வடபுலப் பழங்குடி இனத்தவர். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சுரங்கத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். தமையன் ஸ்டிக்கும் தடுப்பாட்டக்காரர்தான். தமையன் ஆடிய புரூனேஸ் அணிக்கே தம்பியும் தெற்கே இறங்கி வந்து, 1971, 1972 இரண்டு வருடமும் சுவீடன் சம்பியன் ஆனார். 1972 கடைசியில் ரொறன்ரோ அணிக்கு ஆள் தேடிப் போன ஜெரி மக்னமாரா பார்க்கப் போனது ஒரு கோல் காப்பாளரை. பார்த்து மயங்கியது சல்மிங்கையும் ஹமர்ஸ்ட்ரோம் என்ற இன்னொருவரையும். இரண்டு பேரும் அடுத்த வருடம் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

1973 ஒக்டோபர் 10, பஃபலோவுக்கு எதிராக இந்தக் கட்டடத்தில் முதல் ஆட்டம். இரண்டாவது ஆட்டம் பிலடெல்பியாவில். அந்தக் காலத்துப் பிலடெல்பியா என்றால் அடிதடிக்குப் பேர்போன அணி. ஐரோப்பாக்காரருக்கு அடி தாங்காது, பயந்தோடிகள் என்பதுதான் அப்போது இங்கே பேச்சு. தடியால் குத்தினார்கள், கையால் அடித்தார்கள், வாயால் வைதார்கள். சல்மிங் ஓடவில்லை. 1976இல் அதே பிலடெல்பியா ஆட்டக்காரர் ஒருவரிடம் முகம் வீங்க அடிவாங்கி, அடுத்த ஆட்டத்தில் இதே அரங்கில் தனியே பக்கைக் கொண்டுபோய் பேர்ணி பேரன்ற் என்ற பெரிய கோல் காப்பாளரைத் தாண்டிக் கோல் போட்டார்.

அதே வருடம் செப்ரெம்பரில் கனடாக் கிண்ணப் போட்டி. சல்மிங் சுவீடனின் மஞ்சள் சட்டையில், கனடாவுக்கு எதிராக, இதே ஐஸில் நின்றார். பெயர் வாசித்தபோது ரொறன்ரோச் சனம் எழும்பி நின்று கைதட்டியது, தட்டிக்கொண்டே நின்றது. எதிரணிக்காரருக்கு! நான் அப்போது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடப் பெடியன். ஆனாலும் அந்தப் படத்துண்டை இப்போது பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1987 ஒக்டோபரில். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் ஏழு பேர் படுத்தோம். அங்கிருந்து தெற்கே நடந்துவந்து ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். குசினியில் சின்ன ரிவி ஒன்று இருந்தது. சனிக்கிழமை என்றால் ஹொக்கிதான். சமையல்காரர் போர்த்துக்கேய அண்ணை ஒருவர். திரையில் தெரிந்த சல்மிங்கின் முகத்தைக் காட்டி, நெற்றியிலிருந்து வாய்வரை விரலால் கோடு இழுத்து, “இருநூறு தையலுக்கு மேலே” என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். உண்மைதான். 1986 நவம்பரில் விழுந்து கிடந்தவரின் முகத்தில் இன்னொருவரின் ஸ்கேற் ஏறிவிட்டது. காயம் ஆறித் திரும்பவும் ஆட வந்துவிட்டார், 35 வயதில்.

1988 ஜனவரியில் அவர் ஆயிரமாவது ஆட்டம் ஆடினார். ஐரோப்பாவில் ஆடிப் பழகி வந்தவர்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள். அந்தக் குளிர்காலத்தில்தான் சமையல்கார அண்ணை தன்னிடம் மிஞ்சிய ரிக்கற் ஒன்றை எனக்குத் தந்தார். கூரைக்குக் கிட்ட, சாம்பல்நிறக் கதிரைகள். மற்றவர்கள் பக்கைப் பார்த்தார்கள். நான் 21ஐ மட்டும் பார்த்தேன். எதிரணிக்காரன் பக்கை அடிக்கத் தடியை ஓங்கியதும் அவர் ஒதுங்காமல் பக்கின் பாதையில் உடம்பைப் போட்டுப் படுத்தார். பட்டது. எழும்பினார். பக்கத்தில் இருந்த வயதான மனிசி ஒருத்தி “கிங்!” என்று கத்தினா. அப்படித்தான் இங்கே அவரைக் கூப்பிட்டார்கள். என் பெயரை அந்தக் குசினியில் ஒருவரும் முழுதாய்ச் சொன்னதில்லை. இங்கே ஆயிரக்கணக்கான ஆட்கள் வெளியிலிருந்து வந்த ஒருத்தரை ராசா என்று கூப்பிடுகிறார்கள். நான் அன்றைக்கு இரவு நடந்தே அறைக்குப் போனேன். குளிர் தெரியவில்லை.

ரொறன்ரோவுக்கு 16 பருவங்கள், 1,099 ஆட்டங்கள், 148 கோல்கள். மற்றவர்கள் கோல் போட வழிசெய்தது 620 தடவை. இந்த அணியில் அதை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை. ஸ்ரான்லி கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. அது அவருடைய குறை இல்லை என்பது என் முடிவு. 1989இல் டிற்ரொயிற் போய் ஒரு பருவம், பிறகு ஸ்ரொக்ஹோமில் ஏஐகே அணிக்கு மூன்று பருவம். 1992 ஒலிம்பிக்கில் 40 வயதில் சுவீடனுக்காக ஆடினார். 1996இல் யங் வீதி முனையில் உள்ள ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் (ஹோல் ஒஃப் ஃபேம்) அவர் பெயரைச் சேர்த்தார்கள். சுவீடன்காரரில் அவர்தான் முதல்.

2022இல் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் அவரைப் பிடித்தது. அந்த நவம்பரில் கடைசித் தடவையாக ரொறன்ரோவுக்கு வந்தார். பேச முடியவில்லை. கையைத் தூக்கக்கூட ஏலாது. பழைய கப்டன் டரில் சிற்லர் பக்கத்தில் நின்று, அழுதுகொண்டே, அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினார். அடுத்த நாள் ஆட்டத்தில் அணி சுவீடன் பெடியளையே முதலில் இறக்கியது. இரண்டு கிழமைக்குள், நவம்பர் 24இல், சல்மிங் காலமானார்.

புது அரங்குக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. வடிவான சிலை. ஆனால் அது நிற்கிற இடத்தில் அவர் ஒருநாளும் ஆடவில்லை. அதனால்தான் விருந்தாளிகள் வந்தால் நான் இந்தக் கடைக்குக் கூட்டிவருகிறேன்.

வருகிறவர்கள் கிழமை நாளில் காலையில் வாருங்கள். பின்னேரம் மாணவர்களும் வேலை முடிந்தவர்களுமாக நெரிசல். பொட்டைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தட்டுகளுக்குச் சாமான் அடுக்கும் பெடியளிடம் கேளுங்கள், கூட்டிவந்து காட்டுவார்கள்.

போன மாதம் பேத்தியுடன் வந்தேன். ஒன்பது வயது, அவளும் டிஃபென்ஸ்தான் ஆடுகிறாள். பொட்டின் மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, “அப்பப்பா, இங்கயா அவர் நிண்டவர்?” என்று கேட்டாள். பிறகு தானே யோசித்து, “இல்லை, டிஃபென்ஸ் பின்னால எல்லோ நிக்கிறது” என்று எண்ணி எண்ணிப் பின்னால் நடந்தாள். முதுகு ஒரு தட்டில் முட்டியது. அங்கேயே முழங்காலை மடித்து, தடி இல்லாத கையைத் தடி பிடிக்கிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மனிசி வந்து, “மகள், அந்தப் பேணியை எடுக்கலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்கும்வரை அவள் அசையவில்லை.