விறகடுப்பு பீட்சாவா, பெட்டியில் வரும் பீட்சாவா?

கண்டியில் பீட்சா என்றால் நெடுங்காலமாக பீட்சா ஹட்தான். 1993இல் இலங்கைக்கு வந்த கடை அது. 2011இல் டொமினோஸும் வந்தது. எல்ல ஊர்ப் பக்கம் போனால் நிலைமை வேறு: அங்கே விறகு எரியும் இத்தாலிய அடுப்போடு உணவகங்கள் இருக்கின்றன. எதற்குக் காசு கொடுக்கலாம்? அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதானால் விறகடுப்பு. வீட்டுக்குக் கொண்டுபோவதானால் பெரிய கடைப் பெட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விறகடுப்பு பீட்சா இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறை. அந்த முறையில் அடுப்பு 430 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும். பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அந்த வேகத்தில்தான் விளிம்பு உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, உள்ளே ஈரம் காயாமல் மெத்தென்று இருக்கும். மாவில் சேர்வது தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும். எண்ணெயோ சீனியோ கிடையாது. அதனால் ருசி முழுக்கப் புளிப்பில்தான் இருக்கிறது. குறைந்தது எட்டு மணி நேரமாவது மா ஊற வேண்டும். நுவரெலியாக் குளிரில் இன்னும் மெதுவாகப் புளிக்கும். பொறுமையாக விட்டால் ருசி கூடும், அவசரப்பட்டால் விளிம்பு ரப்பர்.

இன்னொரு சிக்கல், விறகு. மழைக்காலத்தில் ஈர விறகைப் போட்டால் புகைதான் வரும், சூடு ஏறாது. உள்ளே எட்டிப் பாருங்கள். அடுப்பின் கூரையில் கரி எரிந்து வெளுத்திருந்தால் சூடு சரி. கறுப்பாகவே இருந்தால் வேறு ஏதாவது சாப்பிடலாம். எல்லாம் அடுப்படியில் நிற்பவரின் கைப்பக்குவம்தான். நேப்பிள்ஸ்காரர்களின் இந்தக் கலையை யுனெஸ்கோ 2017இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் அதற்காகவே.

பெரிய கடைகளில் அந்தக் கவலை இல்லை. சூடு குறைவு, நேரம் அதிகம், எந்த ஊரிலும் ஒரே ருசி. தட்டில் எண்ணெய் விட்டுச் சுடும் தடித்த பீட்சா அரை மணி நேரம் கழித்தும் தின்னக்கூடியதாக இருக்கும். டவுனில் வாங்கி, ஓட்டோவில் குலுங்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வைக்க அதுதான் தோது. நேப்பிள்ஸ் பீட்சாவைப் பெட்டியில் அடைத்தால் ஆவியில் நனைந்து தொய்யும், ஆறினால் தோல் மாதிரி இழுபடும்.

சரி, நம்ம பேக்கரிப் போறணை? அதுவும் விறகில் சூடாவதுதானே என்பார்கள். ஆனால் பாண் சுடும்போது நெருப்பை ஒதுக்கிவிட்டு, செங்கல் பிடித்து வைத்த சூட்டில் சுடுகிறார்கள். பீட்சா அடுப்பில் நெருப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். போறணையில் நேப்பிள்ஸ் பீட்சா வராது. தட்டில் பரப்பி நிதானமாகச் சுடும் தடித்த பீட்சா அருமையாக வரும், பெரிய கடைப் பீட்சாவை விடக் குறைந்த காசிலும் கொடுக்க முடியும். அட்டனிலோ பண்டாரவளையிலோ யாராவது இதைச் செய்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.