அமைலேஸ் படிகத்துக்கு எது தோது: தொங்கும் துளியா, உட்காரும் துளியா, எண்ணெய்க்கு அடியிலா?

சோமனூர், பல்லடம் பக்கம் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும், நெய்த பிறகு அந்தக் கஞ்சியை எடுக்க, மாவுச்சத்தை உடைக்கும் என்சைம் புரதமான பாக்டீரியா அமைலேஸ் சேர்ப்பதும் தெரிந்த விஷயம். பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா தரும் அமைலேஸ் 90 டிகிரி சூட்டிலும் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் அதன் வடிவம் தெரிய வேண்டும், எக்ஸ்ரேயில் வடிவம் தெரிய முதலில் படிகம் வேண்டும், அதைப் புரதக் கரைசலின் சிறு துளிகளில்தான் வளர்க்கிறோம். (1995-இலேயே 2.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் ஒரு வடிவம் வந்துவிட்டது, ஆனால் அது கால்சியம் நீக்கிய அமைலேஸ்.) ரோபோ இல்லாமல் கையால் துளி வைக்கிற கோவைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது தொங்கும் துளி. 24 குழித் தட்டில் குழிக்கு அரை மில்லி, புரதத்தைப் படியவைக்கும் கரைசல், கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியில் ஒரு மைக்ரோலிட்டர் புரதத்தோடு ஒரு மைக்ரோலிட்டர் குழிக் கரைசல், கிரீஸ் தடவிய விளிம்பில் கவிழ்த்து அழுத்தினால் முடிந்தது. துளியின் நீர் மெல்ல ஆவியாகிக் கீழே போகப் போக புரதம் செறிவாகிப் படிகம் வரும். கண்ணாடியைத் தூக்கினால் படிகம் கைக்கு எட்டும், அதுதான் இதன் பெரிய பலம். ஆனால் மாசி, பங்குனியில் பகல் வெயிலுக்கும் ராத்திரி குளிர்ச்சிக்கும் நடுவே, ஏசியும் நின்றுபோனால், கவர்ஸ்லிப்பின் உள்பக்கம் வேர்த்து அந்த நீர் துளியோடு கலந்துவிடும். வந்த படிகம் கரைந்து போவதைப் பார்ப்பது கொடுமை.

உட்காரும் துளியிலும் இதே ஆவி வித்தைதான். துளி குழிக்குள் உள்ள சிறு மேடையில் இருக்கும், மேலே டேப் ஒட்டினால் போதும். 96 குழித் தட்டில் புரதம் குறைவாகச் செலவாகும். படிகம் சில சமயம் மேடையில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் குறை. நிறைய கரைசல்களைச் சோதிக்க நான் இதைத்தான் சொல்வேன்.

எண்ணெய்க்கு அடியில் வைக்கும் மைக்ரோபேட்ச் முறை நம் பக்கம் இன்னும் நிறைய கவனம் பெற வேண்டியது. பாரஃபின் எண்ணெயில் துளி கிட்டத்தட்ட ஆவியாகாது, கவர்ஸ்லிப் இல்லாததால் வேர்க்கவும் இடமில்லை. சூடு மாறினால் புரதத்தின் கரைதிறன் மாறத்தான் செய்யும், அதை எண்ணெய் தடுக்காது. செறிவும் தானாகக் கூடாது என்பதால் ஆரம்ப அளவு சரியாக அமைய வேண்டும். அது தெரியாத நிலையில் பாரஃபினும் சிலிக்கான் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றினால் துளி மெதுவாக வற்றும், முழுக்க வற்றுவதற்குள் பார்த்துவிட வேண்டும். எண்ணெயில் கரையும் டையாக்ஸேன் மாதிரி பொருள் இருந்தால் இந்த முறையே வேண்டாம். எண்ணெய்க்குள்ளிருந்து படிகத்தை நைலான் லூப்பில் எடுப்பது வழுக்கும், ஆனால் பழகிவிடும்.

மின்சாரம் நம்பகமாக இல்லாத இடத்தில் முதல் தேடலுக்கு எண்ணெய், ஏசி நிலையாக ஓடும் இடத்தில் உட்காரும் துளி, நல்ல நிலை கிடைத்த பிறகு பெரிய படிகம் வளர்க்கத் தொங்கும் துளி. இது என் தேர்வு.

எந்த முறை எடுத்தாலும் அமைலேஸுக்கு பாஸ்பேட் பஃபரை (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசலை) தொடாதீர்கள். இந்த என்சைமுக்கு வேண்டிய கால்சியத்தோடு பாஸ்பேட் சேர்ந்தால் உப்புப் படிகம் விழும், மைக்ரோஸ்கோப்பில் அது புரதப் படிகம் போலவே மின்னும். சந்தேகம் வந்தால் ஒன்றை ஊசியால் அழுத்திப் பாருங்கள்: புரதம் என்றால் பொசுக்கென்று உதிரும், உப்பு கெட்டியாக எதிர்த்து நிற்கும்.